கொன்றவன் பெயர் மட்டும் ஏன் நினைவில் நிற்கிறது?

புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போய்ப் பாருங்கள். "யாரும் வராதீர்கள், திரும்பிப் போங்கள்" என்று போலீஸ் மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். தடுப்புகள் போட்டிருப்பார்கள். அப்படியும் குடையும் ரெயின்கோட்டுமாக ஒரு கூட்டம் நிற்கும். அலை கருங்கற்களில் மோதிச் சாலை வரை தெறிக்கும்போது எல்லோரும் "ஓ" என்று கத்திப் பின்வாங்குவார்கள். அடுத்த நிமிஷமே இரண்டடி முன்னால் வருவார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துப் போட்டதைப் பார்த்த ஜனங்கள்தான் இவர்கள். அடுத்த புயலுக்கும் வரத்தான் செய்கிறார்கள்.

கொலைக் கதைகளை நாம் ஏன் இப்படி விழுந்து விழுந்து கேட்கிறோம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கூட்டம்தான் நினைவுக்கு வரும். அவர்களில் யாருக்கும் சாக ஆசை கிடையாது. கொல்லக்கூடிய ஒன்றை, அது தன்னைத் தொடாத தூரத்தில் நின்று, முழுசாகப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

திருப்பாதிரிப்புலியூரில் என் பெரியம்மா இருக்கிறார். அறுபது தாண்டிவிட்டது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போனை எவர்சில்வர் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, மறுநாளைக்கு முருங்கைக்கீரை ஆய உட்காருவார். யூடியூபில் ஒரு குரல் தாழ்ந்த தொனியில் ஆரம்பிக்கும்: அந்த ராத்திரி அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது? பெரியம்மா ஒரு காதில் மட்டும் இயர்போன் போடுவார். இன்னொரு காது வாசலுக்கு. வீடியோ முடிந்ததும் எழுந்து போய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, படுக்கும்முன் இன்னொரு முறை.

"பயமா இருக்குன்னா ஏன் பெரியம்மா கேக்கறீங்க?"

"பயமா இருக்கறதாலதான்டா கேக்கறேன். எவன் எப்படி வருவான்னு தெரிஞ்சு வெச்சுக்க வேணாமா?"

பெரியம்மா சொன்னதைத்தான் அமெரிக்காவில் ஓர் ஆய்வும் சொன்னது. இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமண்டா விக்கரி, கிறிஸ் ஃபிரேலி ஆகிய இருவரும் 2010ல் அதை வெளியிட்டார்கள். உண்மைக் கொலைகளைப் பற்றிய புத்தகங்களை ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் விரும்பிப் படிக்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். கொலைகாரனிடமிருந்து தப்பிய உபாயம் எதில் இருக்கிறதோ, கொலைகாரனின் மனசு எப்படி வேலை செய்தது என்று எதில் எழுதியிருக்கிறதோ, எதில் பலியானவர்கள் பெண்களோ, அந்தக் கதைகளைத்தான் பெண்கள் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவகையில் இது ஒத்திகை. நாளைக்கு நமக்கு நடந்தால் என்ன செய்வது என்பதை இன்று ராத்திரி கீரை ஆய்ந்துகொண்டே பழகிக்கொள்வது. பெண்களுக்கு இந்தப் பழக்கம் ஏன் தேவைப்படுகிறது என்பதை எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை.

அச்சத்தைப் பிரித்துப் பார்க்கும் வேலையைத் தொல்காப்பியர் எப்போதோ செய்துவிட்டார். மெய்ப்பாட்டியலில் "அணங்கே விலங்கே கள்வர்தம் இறை" என்று அச்சம் பிறக்கும் இடங்களை நான்காக வகுக்கிறார். பேய் பிசாசு போன்றவை, கொடிய விலங்கு, கள்வர், அரசன். இந்த நான்கையும் மனசில் வைத்துக்கொண்டு ஒரு தொடர் கொலைகாரனைப் பற்றிய எந்த நிகழ்ச்சியையும் பாருங்கள். அவன் கள்வனைப் போல இருட்டில் வருவான். "மிருகம்" என்று குரல் சொல்லும். பின்னணி இசை அவனைப் பேயாக்கும். கடைசியில் போலீஸ், கோர்ட், தூக்கு என்று அரசும் வந்து சேரும். நான்கு அச்சமும் ஒரே ஆளிடம் கூடி நிற்கிறது. ஈர்ப்பு வராமல் எங்கே போகும்?

பயத்தோடு புதிர் ஆசையும் சேர்ந்துகொள்கிறது. 1952 ஆகஸ்டு கடைசியில் சென்னையிலிருந்து கிளம்பிய போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாற்றமடித்தது. மானாமதுரையில் இறக்கித் திறந்தால் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கியது. இரண்டையும் பொருத்திப் பார்த்து, அது பேனா வியாபாரி ஆளவந்தார் என்று உறுதி செய்தார்கள். ஒரு பெண்ணும் அவள் கணவனும் பிடிபட்டார்கள். அவனுக்கு ஏழு வருஷம், அவளுக்கு மூன்று வருஷம். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் பழைய ஆட்கள் இதைச் சொல்லும்போது பெட்டி, ரயில், தலை என்ற வரிசை பிசகாது. துண்டு துண்டாகக் கிடந்த ஒன்றை யாரோ பொறுமையாகச் சேர்த்து முழுக் கதையாக்கியது அந்த வழக்கு. கலைந்து கிடக்கும் உலகம் ஒழுங்காகிவிடும் என்ற நம்பிக்கையையும் அது கூடவே தருகிறது.

இந்த ஆசையை யூடியூப் கொண்டு வந்தது என்று நினைத்தால் தவறு. மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் போய் நின்றால், கம்பிச் சட்டத்தில் மாட்டிய நாளிதழ் போஸ்டர் காற்றில் படபடக்கும். பெரிய எழுத்தில் மூன்றே வரி. இரண்டாவது வரியில் நிச்சயம் ஒரு கொலை இருக்கும். 1942ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, சின்னச் சின்ன வாக்கியமும் கொலைச் செய்தியுமாக டீக்கடை பெஞ்சில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்கும்படி எழுதக் கற்றுக்கொண்டது. அதற்கும் முன்னால் கொலைச்சிந்து இருந்தது.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்காவது ஒரு கொலை நடந்து ஊர் பேசத் தொடங்கியதும், சிந்து கட்டுகிறவர்கள் அதைப் பாட்டாக்கிவிடுவார்கள். சென்னை குஜிலிக் கடைத்தெருப் பக்கத்து அச்சகங்கள் மட்டக் காகிதத்தில் நாலைந்து தாளாக அதை அச்சடிக்கும். விலை காலணா, அரையணா. முச்சந்தியிலும் சந்தையிலும் ரயில் பெட்டியிலும் நின்று பாடியே விற்றுவிடுவார்கள். என் தாத்தா பண்ருட்டிச் சந்தையில் கேட்டிருக்கிறார். அரிவாளை ஓங்கும் இடம் வந்ததும் பாடகர் பாட்டை நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள் என்பாராம். அப்போதும் தாத்தாவிடம் காலணா இருக்காதாம். ஆனால் அவர் எனக்கு மனப்பாடமாகச் சொன்னது அரிவாள் வரியை இல்லை. செத்துப்போன பெண் தன் தாயைக் கூப்பிட்டுப் புலம்பும் வரிகளைத்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத மனுஷருக்கு எண்பது வயசில் நினைவில் நின்றது அந்தப் புலம்பல்.

இங்கேதான் பழைய கதை சொல்லலுக்கும் இப்போதையதற்கும் உள்ள பெரிய மாற்றம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ரத்தம் அப்போதும் வழிந்தது. ஆனால் கதையின் நடுவில் செத்தவர்கள் இருந்தார்கள். நல்லதங்காள் கதையில் ஏழு குழந்தைகளும் கிணற்றில் விழும் இடத்தை ஒரு தலைமுறையே அழுதபடி கேட்டது, ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அழுகை. பழையனூர் நீலி கணவன் கையால் கொல்லப்பட்டவள், பேயாகத் திரும்பி வந்து நியாயம் கேட்டவள். அவள் அழுகையை நடிப்பு என்று சொல்லி "நீலிக் கண்ணீர்" என்று நம் மொழியே அவளை ஒருமுறை ஏமாற்றியது வேறு விஷயம். அப்படியும் கதை அவளுடையதுதான், கொன்றவன் பேர் யாருக்கும் ஞாபகமில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் எத்தனையோ அம்மன்களும் சாமிகளும் அநியாயமாகக் கொல்லப்பட்ட மனிதர்கள்தான். கொலை நடந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, விளக்கேற்றி, வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைத்தார்கள். குற்ற உணர்ச்சியும் பயமும் அதில் உண்டு. ஆனாலும் செத்தவரை மறக்காமல் இருக்க அது ஒரு வழி.

கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து முடிந்து படுகளம் நடக்கும் காலையைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஒரு வீட்டளவு நீளம். பீமன் வேஷக்காரர் அடிக்கும்போது கூட்டம் அலறும். திரௌபதி கூந்தல் முடிவாள். குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டுவார்கள். அதே இடத்தில், அதே மணலில், துரியோதனனுக்காக ஒப்பாரியும் வைப்பார்கள். எதிரிக்குக்கூட அழ ஓர் ஆள் உண்டு. அழுது முடித்த பிறகுதான் சாயங்காலம் தீமிதி.

இப்போது கேட்கிற கதைகளில் ஒப்பாரிக்கு இடமே கிடையாது. அந்த இடத்தைக் கொலைகாரன் எடுத்துக்கொண்டான். இது எப்படி நடந்தது என்றால், முதலில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. 1888ல் லண்டன் ஒயிட்சேப்பலில் ஐந்து பெண்களைக் கொன்றவன் யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் "ஜாக் த ரிப்பர்" என்ற பெயர் உலகத்துக்கே தெரியும். அந்தப் பெயர், ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தில் இருந்த கையெழுத்து. பத்திரிகைக்காரர் ஒருவரே எழுதியிருக்கலாம் என்று பலர் சந்தேகிக்கிறார்கள். அதே "ரிப்பர்" கப்பலேறி வந்து, கேரளத்தில் சந்திரன் என்பவருக்கும் ஒட்டிக்கொண்டது. 1991ல் அவரைத் தூக்கிலிட்ட கண்ணூர் சிறை, நம் புதுச்சேரியைச் சேர்ந்த மாகேயிலிருந்து ரொம்பத் தூரமில்லை. சயனைடு மோகன், சைக்கோ சங்கர், ஆட்டோ சங்கர் என்று சினிமா நடிகருக்குப் போல அடைமொழி வைக்கிறோம். அடைமொழி வந்துவிட்டால் நினைவில் நிற்பது சுலபம். செத்தவர்களுக்கு எந்த அடைமொழியும் கிடைப்பதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஆண்ட காலத்திலேயே அவர்கள் ஊரில் இந்த வேடிக்கை பார்க்கும் ஆசை வேறு வடிவங்களில் இருந்தது. பாரிஸ் பிணவறையில் அடையாளம் தெரியாத உடல்களைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். அடையாளம் காட்டத்தான் என்று பேர். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்து, 1907ல் பொதுமக்களுக்கு அதை மூடவே வேண்டியதாயிற்று. 1939 ஜூன் 17 அன்று வெர்சாயில் வைட்மன் என்ற கொலைகாரனைப் பலர் முன்னால் கில்லட்டினில் போட்டார்கள். கூட்டம் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து அரசே வெட்கி, சில நாட்களில் பொது இடத்தில் மரண தண்டனை நிறைவேற்றுவதை நிறுத்திவிட்டது.

தமிழில் இந்த ஆசைக்கு உச்சமாக வந்த பெயர் ஆட்டோ சங்கர். 1987, 88ல் திருவான்மியூர்ப் பக்கம் நடந்த ஆறு கொலைகள். 1991ல் செங்கல்பட்டுக் கோர்ட்டில் தூக்குத் தண்டனை, 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கு. இடையில் 1990ல் சென்னை மத்திய சிறையிலிருந்தே தப்பி, ஒடிசாவில் பிடிபட்டது வேறு. சிறையில் அவன் எழுதிய சுயசரிதை சுமார் முந்நூறு பக்கம். அதில் பெரிய அதிகாரிகளோடு அவனுக்கு இருந்த தொடர்புகள் வருகின்றன. நக்கீரன் இதழ் அதை வெளியிட இருந்தபோது சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1994ல் வந்த அந்தத் தீர்ப்பைச் சட்டம் படிக்காதவர்களும் ஒருமுறை தெரிந்துகொள்ள வேண்டும். தனிமனிதருக்கு அந்தரங்க உரிமை உண்டு, அவரைச் சும்மா விட்டுவிட வேண்டும் என்று அது சொல்கிறது. பொது ஆவணங்களில், கோர்ட் பதிவுகளில் உள்ளதை அனுமதி இல்லாமலும் வெளியிடலாம், தங்களைப் பற்றி அவதூறு வரும் என்று அதிகாரிகள் முன்கூட்டியே தடை கேட்க முடியாது என்றும் சொல்கிறது. கூடவே ஒரு விதிவிலக்கு வைத்தது. பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரையும் சம்பவத்தையும் பத்திரிகையில் போட்டு அவளை மேலும் அவமானப்படுத்தக் கூடாது. ஆட்டோ சங்கரின் பெயரால் இன்றும் வீடியோக்கள் வருகின்றன. அந்த வழக்கால் பெண்களுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பைப் பற்றி ஒரு வீடியோவில்கூட நான் கேட்டதில்லை. 2024 மார்ச்சில் புதுச்சேரியில் ஒரு சிறுமி கொல்லப்பட்டு ஊரே கொதித்து பந்த் நடத்தியபோது, என் போனுக்கு வந்த ஒவ்வொரு ஃபார்வர்டிலும் அந்தக் குழந்தையின் படமும் பேரும் இருந்தன. அனுப்பியவர்கள் எல்லோரும் நல்லவர்கள், நிஜமாகவே அழுதவர்கள். அழுகையைக் காட்ட நமக்கு வேறு வழி தெரியாமல் போயிருக்கிறது.

சரி, இன்னொன்று. தொடர் கொலைகாரர்கள் உண்மையில் எவ்வளவு பேர்? ஒரே ஆள் வெவ்வேறு சமயங்களில் இரண்டு பேரையோ அதற்கு மேலோ கொன்றால் தொடர் கொலை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ வரையறுக்கிறது. அப்படிப் பார்த்தாலும், மொத்தக் கொலைகளில் அது நூற்றில் ஒன்றுகூட வராது என்று அதே எஃப்பிஐ சொல்கிறது. இந்தியாவில் 2022ல் பதிவான கொலை வழக்குகள் 28,522. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் அவற்றில் 9,962க்குக் காரணம் தகராறு. அடுத்த இடம் பகைக்கு. உலக அளவில் 2023ல் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் கணவன், காதலன், குடும்பத்தார் கையால் செத்தார்கள் என்கிறது ஐநா. பெரியம்மா கொல்லைத் தாழ்ப்பாளை இரண்டு முறை ஆட்டிப் பார்க்கிறார். ஆபத்து பெரும்பாலும் உள்ளே இருந்து, பேர் தெரிந்த ஆளிடமிருந்து வருகிறது.

இதனால்தான் அந்நியக் கொலைகாரனை நமக்கு இவ்வளவு பிடிக்கிறது என்று நினைக்கிறேன். அவன் நம் வீட்டு ஆள் இல்லை, நம் ஜாதி இல்லை, நம் தெரு இல்லை. "சைக்கோ" என்று சொன்னால் கணக்கு முடிந்தது. அவனைப் பிடித்துவிட்டால் போதும், நாம் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அந்தச் சொல் எவ்வளவு அவசரமாக விழுகிறது என்பதற்கு நிதாரி வழக்கைச் சொல்லலாம். 2006 கடைசியில் டெல்லிக்குப் பக்கத்தில் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தபோது, அந்த வீட்டு வேலைக்காரரை நாடே நரமாமிசம் தின்னும் அரக்கன் என்றது. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், விசாரணை நடந்த விதத்தைக் கடுமையாகக் கண்டித்து, 12 வழக்குகளில் அவரை விடுவித்தது. அப்படியென்றால் அந்தக் குழந்தைகளைக் கொன்றது யார்? அரக்கன் கதையை வாரக்கணக்கில் சொன்னவர்கள் இந்தக் கேள்வியோடு ஒரு நாள்கூட உட்காரவில்லை.

நம் கடலூர் மாவட்டத்துக்கே வருவோம். விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் முருகேசனும் கண்ணகியும் கொல்லப்பட்டார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஊர் பார்க்க, பெண்ணின் சொந்தக்காரர்களே செய்தார்கள். சிபிஐ விசாரித்து, கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல 2021 செப்டம்பர் ஆகிவிட்டது. ஒருவருக்குத் தூக்கு, பன்னிரண்டு பேருக்கு ஆயுள், அதில் போலீஸ்காரர்களும் உண்டு. அடுத்த வருஷம் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்து, இரண்டு பேரை விடுவித்தது. மற்றவர்களின் தண்டனையை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இருபத்திரண்டு வருஷம். இதில் புதிர் கிடையாது, பட்டப்பெயர் கிடையாது, இருட்டில் வந்த அந்நியன் கிடையாது. அன்றைக்கு அந்த ஊரில் வேடிக்கை பார்த்தவர்கள் நம்மைப் போன்றவர்கள். அதனால்தான் டீக்கடையில் ஆளவந்தார் தலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேச்செடுத்தால் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த வழக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொன்றவர்கள் பெயரால் இது வழங்கவில்லை. கண்ணகி முருகேசன் வழக்கு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

போன மாசம் ஒருநாள் ராத்திரி பெரியம்மா வீட்டில் கரண்ட் போய்விட்டது. வைஃபையும் போனது. எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் கீரை பாதி ஆய்ந்தபடி கிடந்தது. "நீ ஏதாவது கதை சொல்லு" என்றார். இந்த வழக்கைச் சொன்னேன்.

"நம்ம ஜில்லாவிலயா?"

"ஆமாம் பெரியம்மா."

"அந்தப் பையன் என்ன படிச்சிருந்தான்?"

"கெமிக்கல் இன்ஜினியரிங்."

கொஞ்ச நேரம் காம்பைக் கிள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. "பெத்தவங்க இருக்காங்களா?"

"அப்பாதான் அத்தனை வருஷமும் கோர்ட் ஏறி இறங்கினார்."

கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றத் தொடங்கி, ஆய்ந்த கீரை தாம்பாளத்திலிருந்து பறந்தது. பெரியம்மா அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேர் பேரையும் இன்னொரு தரம் சொல்லு."